என் வேற்றுக்கிரகப் படையை ஜெயிக்க வைத்த தொரட்டி

நான் இணையத்தில் எழுதும் விண்வெளித் தொடரில் வேற்றுக்கிரகப் படையின் ஆயுதம் இதுதான்: நீளக் கழி, அதன் நுனியில் உள்பக்கம் மட்டும் கூர் வைத்த வளைந்த கத்தி.

"இத வச்சிக்கினு குத்தவும் முடியாது, வீசவும் முடியாது. எதுக்கும் உதவாது" என்று அதற்குக் கமெண்ட் போட்டவன், கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் பிரகாஷ்.

இன்று காலை உத்தனப்பள்ளி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முறிந்த புளியங்கிளை ஒன்று சாலையை மறித்துத் தொங்கியது. ஷிஃப்டுக்கோ நேரமாகிறது. பக்கத்து மாந்தோப்புக்காரர், நீளக் கழியின் நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டியைக் கொண்டுவந்து, எங்களில் உயரமான பிரகாஷிடம் கொடுத்தார்.

அவன் பட்டாக்கத்தி மாதிரி ஓங்கி வீசினான். கிளை ஆடியது, அவ்வளவுதான்.

"டேய், வீசாதடா! மாட்டி இழு! என் வேற்றுக்கிரக ஆளுங்க அப்படித்தான் சண்டை போடுவாங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

மாட்டினான். இழுத்தான். ஒரே இழுப்பில் கிளை கீழே விழுந்தது. பஸ்ஸே கைதட்டியது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஏறி வந்தவன், "தொரட்டி வேற, உன் கத்தி வேறப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரகாஷ், அந்தக் கமெண்ட்டை மட்டும் அழித்துவிடாதே. அதைத்தான் எல்லோருக்கும் தெரியும்படி தொடரின் மேலே 'பின்' (pin) செய்து வைத்திருக்கிறேன். வாசகர்களே, அவனுக்கு ஆறுதல் சொல்ல நினைப்பவர்கள் அதன் கீழேயே சொல்லலாம்.