சூட்டில் அணையும் பச்சைப் புள்ளி

ஜப்பானுக்கு வந்த முதல் வாரம் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவேயில்லை. யார் நீட்டினாலும் 'தாய்ஜோபு' என்றேன். நல்லது என்ற பொருளில்தான். அவர்களுக்கோ அது 'வேண்டாம்'. சிரித்தபடி கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் பளிங்கு, அதாவது படிகம், வளர்க்கிறேன். 'பிளாஸ்டிக் பளிங்கு' என்று பெயர். அதில் பிளாஸ்டிக் ஏதும் இல்லை. பாதி உலோக உப்பு, பாதி கரிமச் சேர்வை. உள்ளேயிருக்கும் உருண்டை மூலக்கூறுகள் குளிரில் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். மின்சாரம் கொடுத்தால் மறுபக்கம் திரும்பும். சூடேற்றினால் நின்ற இடத்திலேயே தாறுமாறாகச் சுழலும். ஊரில், பழுகாமத்தில், வேளாண்மை செய்கிற அண்ணனுக்கு இதை விளக்கியபோது, "கேக்க நல்லாத்தான் இரிக்கி" என்றார்.

களுவாஞ்சிக்குடியில் படித்த காலத்தில் செப்புசல்பேற்றுப் பளிங்கு ஒன்று வளர்த்தேன். கைதவறி விழுந்து தூளானது. பளிங்கென்றால் நொறுங்கும் என்பதே என் மனதில் பதிந்திருந்தது. அதனால் போன மாதம், ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கையில், என் புதிய பளிங்கை இளஞ்சூட்டில் அழுத்தியபோது அது மெழுகுபோலப் பரவியதைக் கண்டு, கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "கெக்கோ தெசு" என்றார். கடையில் பை வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் வசனம் அது. இனி நானும் வேண்டாம் என்கிறார் என்று எண்ணி, வெளியே வந்து அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணே, நான் ஊருக்கு வாறன்."

"என்ன புள்ள, வேலயால நிப்பாட்டிட்டாங்களா?"

"ஓம்."

"அதுக்கென்ன, வா. நம்மட வீடுதானே."

அரைமணி நேரம் படிக்கட்டில் இருந்திருப்பேன். கூட வேலை செய்யும் யூகி தேடிக்கொண்டு வந்தாள். "எங்கே போனாய்? பேராசிரியர் உனக்காகக் காத்திருக்கிறார்!"

உள்ளே, கண்ணுக்குத் தெரியாத லேசர்க் கதிர், பளிங்கு பரவி உண்டான என் படலத்தில் பட, பச்சைப் புள்ளியொன்று மின்னியது. மூலக்கூறுகள் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் அந்தப் பச்சை வரும். பேராசிரியர் சூடேற்றினார், அணைந்தது. ஆறவிட்டார், மறுபடி பச்சை. திரும்பத் திரும்பச் செய்தார், ஒருதரமும் பிசகவில்லை. "கெக்கோ தெசு!"

"அருமை என்கிறார். இளகியதால்தான் இப்படிப் படலமாக்க முடிந்ததாம்" என்றாள் யூகி. பேராசிரியர் என்னை இன்னொரு வருடம் இருக்கச் சொன்னார்.

துள்ளிக்கொண்டு ஊருக்கு அழைப்பு எடுத்தேன். "அண்ணே, நான் வரல்ல. எல்லாம் சரிவந்திட்டு!"

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா உன்ட அறையக் கூட்டிப்போட்டா. மெத்தையும் வெயில்ல கிடக்கு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பழுகாமத்து முற்றத்தில், வாவிக் காற்றில், என் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது.