வலப்பக்கம் வால் வைத்த அணில்

போலிச் சரக்கை ஒழிப்பதற்கு அதை முழுவதும் நானே வாங்கிவிடலாம் என்று நினைத்த புத்திசாலி, எனக்குத் தெரிந்து கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

கலஹாவில் கறித்தூள் அரைத்து, அணில் படம் போட்ட பைக்கற்றில் விற்கிறேன். அணில் என் வியாபாரக் குறி. கொழும்பில் முறையாகப் பதிந்தது. தெல்தோட்டையில் வழக்கமாக வாங்கும் ஓர் அம்மா போன் எடுத்து, "என்னங்க தம்பி, தூள்ல மரத்தூள் வாசம் அடிக்குது" என்றார். பைக்கற்றை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தும் அனுப்பினார். படம், நிறம், எழுத்து எல்லாம் என்னுடையவை. அணிலின் வால் மட்டும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது. நான் உடனே என் அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டு, வாலை மாற்றி அடித்ததற்காகத் திட்டித் தீர்த்தேன். அவர் அடிக்கவே இல்லையாம்.

கண்டியில் சட்டத்தரணியிடம் இதைச் சொன்னபோது, உரிமையாளரே ஏமாந்தது வழக்குக்கு நல்லது என்றார். வால் எந்தப் பக்கம் இருந்தாலும் வாங்குகிறவர் குழம்பினால் போதுமாம். சாட்சிக்கு ஒரே ஒரு பைக்கற், பில்லோடு. மற்றதை அவருடைய கடிதம் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றோடு எனக்கு மனம் ஆறவில்லை. மீதியைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்னையல்லவா திட்டுவார்கள்? மடவளையில் ஆரம்பத்திலிருந்து என் தூளை விற்ற, நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் கடையிலும் வலப்பக்க அணில் வந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே போய், குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, இருந்த அத்தனையையும் வாங்கினேன். அடுத்த வாரம் அது இரட்டிப்பாக இருந்தது. அதையும் வாங்கினேன். அதற்கடுத்த முறை முன்தட்டு முழுக்க அதுதான். என் அணில் சவர்க்காரக் கட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வீட்டில் குவிந்த போலித்தூளைப் பார்த்து, கட்சி மாறிவிட்டீர்களா என்று மட்டும் மனைவி கேட்டார்.

சட்டத்தரணி விசாரித்துக் கண்டுபிடித்த போலிக்காரருக்குக் கடிதம் போனதும், அதன் பிரதியோடு நானாவிடம் போனேன். இந்த முறை முகத்தைக் காட்டிக்கொண்டு. பழைய கடை இது. இங்கே என் தூள் நின்றுபோனால் மடவளையில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். அவர் கடிதத்தை நிதானமாக வாசித்து, மடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தச் சாமான இனி எடுக்காதீங்க, நானா," என்றேன்.

வாசலில் மோட்டார் சைக்கிளில் தொங்கிய ஹெல்மெட்டை ஒருமுறை பார்த்தார்.

"மொதல்ல நீங்க வாங்குறத நிப்பாட்டுங்க."