வால் மறைந்த நாள்

அன்று காலை ஆய்வகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பேராசிரியர், ஆராய்ச்சி மாணவி, தூத்துக்குடியிலிருந்து வேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்தவர், நான். நாகமலை புதுக்கோட்டையிலுள்ள அந்த ஆய்வகத்தில் கடல் உயிர்த் தொட்டிகளைக் கழுவிக் காப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன்.

தொட்டியில் இருந்தவை கடல்பீச்சிகள். கல்லில் ஒட்டிக்கொண்ட பை மாதிரி இருக்கும். அமுக்கினால் தண்ணீரைப் பீச்சும்.

"ஏன் மாப்ள, இந்தச் சளிப்பைக்காகவா அம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வந்தேன்?" என்றார் வேன்காரர்.

"இதோட குட்டி தலைப்பிரட்ட மாதிரி நீந்தும்ணே. வாலுக்குள்ள, நம்ம கருவுல இருக்கிற மாதிரியே ஒரு தண்டு உண்டு" என்றாள் மாணவி. அந்தத் தண்டு வரவேண்டும் என்று உத்தரவு போடுவது ஒரு மரபணு. அதைத் தடுத்தால் உடம்பு எப்படி மாறும் என்பதே அவள் ஆராய்ச்சி. அவளிடம் இரண்டு கண்ணாடித் தட்டுகள் இருந்தன. ஒன்றில் சாதாரணக் குஞ்சுகள். இன்னொன்றில் மரபணு தடுக்கப்பட்டவை, வால் கட்டையானவை. மத்தியானம் எவை எப்படி மாறியிருக்கின்றன என்று படமெடுத்து எண்ணினால்தான் ஆய்வேடு முடியும்.

பேராசிரியர் வகுப்புக்குப் போனார், வேன்காரரும் கிளம்பினார். "ஆபீஸ்ல ஃபாரம் குடுத்துட்டு வாரேன்ணே. பாத்துக்கங்க, தொடாதீங்க" என்று மாணவியும் போனாள்.

பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் தடவை பார்த்தேன். உச்சி நேரம் நெருங்கியபோது முதல் தட்டில் நீந்திக்கொண்டிருந்தவை தலையை அடியில் ஒட்டி நின்றன. வால் சுருங்கிக்கொண்டே வந்தது. காலையில் தட்டுகளுக்கு நான் ஊற்றிய தண்ணீரில் ஏதோ தப்பு, வேலை போச்சு என்று நினைத்தேன். அவளுக்குப் போன் போட்டேன். அது அவள் மேசையிலேயே அடித்தது.

கண்மாய் வற்றும்போது குட்டையில் துடிக்கும் குரவை மீன்களை அள்ளி ஆழத்தில் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். கையும் அதைத்தான் செய்தது. இரண்டு தட்டையும் பெரிய தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். ஒட்டியிருந்ததையெல்லாம் ஒரு தூரிகையால் தள்ளினேன்.

அவள் வந்தாள். வெறும் தட்டைப் பார்த்தாள்.

"சாகப்போகுதுன்னு நெனச்சேன் பாப்பா."

"சாகலண்ணே. வளந்துருச்சு. ஒட்டிக்கிட்டா வாலத் தனக்குள்ளயே இழுத்துக்கும். அதுக்கப்புறம் நீந்தவே வேணாம்ல." உட்கார்ந்துவிட்டாள். "இனி எது எந்தத் தட்டுன்னு பிரிக்க முடியாது."

சாயங்காலம் பேராசிரியர் கேட்டபோது அவள் முந்திக்கொண்டாள். "இன்னொரு தடவ பண்ணிரலாம் சார்." எனக்கு அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. "நான்தான் சார் ஊத்துனேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எதுக்குய்யா?"

"பயந்துட்டேன் சார்."

அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் தொட்டியைப் பார்த்தார். "பயந்து அள்ளிக் குப்பையில போடாம, தண்ணிக்குள்ள விட்டியே" என்று சிரித்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வேன் வந்தது. ஆய்வகப் பணம் தீர்ந்திருந்ததால் வாடகை நாலாயிரத்தையும் அவள் உதவித்தொகையில் கொடுத்தாள். இந்தத் தடவை படமெடுத்தாள், எண்ணினாள், ஆய்வேட்டையும் முடித்தாள். கடல்பீச்சிகளிலேயே சில இனங்களில் வாலுக்கான மரபணுக்கள் கெட்டுப்போய், குஞ்சே வாலில்லாமல் பிறக்கிறதாம். ஒரு சொந்தத்துக்குள்ளேயே உடம்பு இப்படியும் மாறும் என்று அதில் எழுதியிருப்பதாக விளக்கினாள். முதல் பக்கத்து நன்றியில் "தொட்டி பார்த்துக்கொண்ட அண்ணன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை மட்டும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

பெரிய தொட்டியின் கண்ணாடியில் அன்று நான் ஊற்றியவற்றில் சில இன்றும் ஒட்டியிருக்கின்றன.

வாடகை என் பொறுப்பு என்றேன். "வேணாம்ணே" என்றாள். நான் கேட்கவில்லை, அவளுக்கு மாதம் ஐந்நூறு அனுப்பிவருகிறேன். இன்னும் தர வேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.