வாய் பொத்திய காலம்

பல் தேய்த்த உமிக்கரியைத் துப்பிய இடத்தில் கறுப்போடு சிவப்பும் கிடந்தது. எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது. கரி கரகரப்பாக இருந்து ஈறைக் கீறியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஈறுப் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் பல்லை மட்டும் தேய்த்தேன். ரத்தம் வரவில்லை. என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்துப்போனது.

என்னைப் போல ரத்தத்தைக் கண்டு விரலை எடுத்தவர்கள் இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பூதப்பாண்டிப் பக்கம், வயலை ஒட்டி. வீட்டுக்காரருக்கு விவசாயம். ஆள் பரிகாசக்காரர். பார்வத்தியக்காரர் (திருவிதாங்கூர் சர்க்காருக்கு வரி தண்ட வரும் அதிகாரி) குடையை விரித்துக்கொண்டு, செருப்பில் சேறு படாமல் வரப்பில் நடக்கிற நடையை அவர் நடந்து காட்டினால், களத்தில் நிற்கிற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

என்னால்தான் அவர் எதிரில் சிரிக்க முடியவில்லை. ஈறு பஞ்சு போல் வீங்கி, வாயில் ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. யாரிடம் பேசினாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பு முட்டினால் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமியாருக்கு அது பெருமையாகிவிட்டது. "எம் மருமவ வாயப் பொத்தாம ஒரு வார்த்த பேசமாட்டா, பாத்துக்கிடுங்கோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். நாற்றத்துக்கு நாணம் என்று பேர் கிடைத்தது. கிடைத்த பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனசில்லை.

வீட்டுக்காரருக்கோ வேறு விதமாகப் பட்டது. ஒருநாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு, "நான் பேசது ஒனக்குப் பிடிக்கல்ல, இல்லியா?" என்று கேட்டார். "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன், முந்தானைக்குள்ளிருந்து. அந்தக் குரலை யார் நம்புவார்கள்? அதற்குப் பிறகு கதையெல்லாம் களத்தோடு சரி. வீட்டுக்கு வந்தால், மடை திறந்தாச்சா, மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வாய்வலியைத் தாங்கினேன், அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அருவருத்துவிடுவாரோ என்ற பயத்தில் இன்னும் சில வருஷங்களைப் போக்கினேன்.

கடைசியில் கன்னம் காட்டிக்கொடுத்தது. கீழ் ஈறில் சீழ் கட்டி, காய்ச்சலும் சேர்ந்து, முந்தானைக்கு அடங்காமல் முகம் வீங்கியது.

"வாயத் தொற" என்றார் வீட்டுக்காரர். தலையை ஆட்டினேன்.

"ஏட்டி, தொறன்னு சொல்லுதேம்லா."

ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவர் கண் நிறைந்திருந்தது. "இத வச்சுக்கிட்டா நீ சோறு தின்ன?" என்று கேட்டுவிட்டு வண்டி பூட்டப் போனார்.

பயோரியா (ஈறில் சீழ் வைத்துப் பல்லை ஆட்டிவிடும் நோய்) என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சீழை வடித்து, ஆடிக்கொண்டிருந்த கீழ்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார். மற்றப் பற்களில் படிந்திருந்த காரையை (கல்லாக இறுகிப்போன அழுக்கு) சுரண்டினார். பல் பிடுங்கியதை விட அதுதான் வலித்தது.

"ரத்தம் வந்ததும் என்ன செய்தீங்க?"

"ஈறத் தொடாம விட்டேன்."

"அங்கதான் தப்பு. அழுக்கு தங்கினதாலதான் ரத்தமே வந்தது. இனி ரத்தம் வந்தாலும் ஈறோரமா மெதுவாத் தேய்க்கணும். ராத்திரி சாப்பிட்ட பிறகும் தேய்க்கணும்."

வீட்டுக்காரர் உமிக்கரியையும் உப்பையும் தானே இடித்து, பழைய வேட்டித் துணியில் மாவாகச் சலித்துத் தந்தார். துணைக்கு அவரும் தேய்த்தார். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ராத்திரியில பல்லத் தேச்சுக்கிட்டு யாரு வீட்டு விருந்துக்குப் போறியோ?" என்றார்கள். சில வாரம் போனதும் அவர்களும் செம்போடு வந்து நின்றார்கள். எந்த வீட்டு விருந்து என்று நான் கேட்கவில்லை.

ரத்தம் குறைந்து, பிறகு நின்றே போனது. ஈறு இறுகியது.

ஒரு காலையில் கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஒரு சேம்பிலையைப் பறித்துக் குடையாகப் பிடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்வத்தியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ரெண்டு எட்டு நடந்ததும் வழுக்கி, இலையும் கையுமாகச் சேற்றில் உட்கார்ந்தார். என் வாயிலிருந்த தண்ணீர் அவர் நெஞ்சில் தெறித்தது. பல் போன ஓட்டை தெரிய, தெருவுக்கே கேட்கச் சிரித்தேன்.

அவர் எழுந்திருக்காமலே என்னைப் பார்த்தார். "இந்தக் கத கல்யாணத்து வருசம் சொன்னதாக்கும். இப்பந்தான் ஒனக்கு வெளங்கிச்சா?"

"அண்ணைக்கே வெளங்கிச்சு. அடுக்களைக்குள்ள போயி சிரிச்சேன். நீங்க சொன்ன எல்லாக் கதைக்கும் அங்கதான் சிரிச்சேன்."

அவர் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் நாள் கிணற்றடியில் தொடங்கிக் கிணற்றடியில் முடிகிறது. படுக்கும்போது நாக்கு ஈறோரமாக ஓடிப் பார்த்து, அந்த ரெண்டு பல் இடைவெளியில் கொஞ்சம் நிற்கும். சிரிப்பு வந்தால் கை இன்னமும் பழக்கத்தில் வாய்க்கு எழும்புகிறது. பாதி வழியில் அவர் பிடித்துக்கொள்கிறார்.