கருப்புப் பந்துக்கு முன் ஒரு வார்த்தை

பல் மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒற்றை ஜன்னல் உள்ள அறையில் அவர் பல் செட் செய்கிறார். முன்னறை நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வாயில் எடுத்த அச்சு மட்டும்தான் அவரிடம் வந்து சேரும். அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் யாரோ ஒருவருடைய தாடை உள்ளங்கையில் இருக்கும். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே ஒரு நீலத் தாளை வைத்துத் தட்டிப் பார்ப்பார். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே பல்லும் பல்லும் தொடுகின்றன. அளவுக்கு மீறித் தொடும் இடத்தைத் தேய்த்துவிடுவார். இத்தனை வருஷ வேலையில் ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது.

ஸ்டிக்கால் பந்தடித்துக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் கூடத்தில் அவருக்குப் பெயர் 'பல்லு சார்'. பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. குறி ஓரளவு இருக்கிறது, பொறுமை நிறைய இருக்கிறது, ஆனால் ஆட்டத்தின் நடுவே மனசு எங்காவது போய்விடும். ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்து இன்னொரு பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டு உருண்டைகள் ஒரே ஒரு புள்ளியில்தான் தொட முடியும். தொட்டவுடன் பிரிந்துவிடுகின்றன. அந்தப் புள்ளியை யாரும் பார்த்ததில்லை. இங்கே நடுவில் வைக்க நீலத் தாளும் இல்லை. இப்படி யோசித்துக்கொண்டே நின்றால் எதிராளி இருமிக் காட்டுவார்.

வருஷம் ஒருமுறை அந்தக் கூடத்தில் போட்டி நடக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

அன்று காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"அவனும் வர்றானாம்."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. என் தம்பிதான். எதிர்ல வந்து நின்னா என்ன செய்வீங்க?"

"ஆடுவேன்."

"வாயத் திறப்பீங்களா?"

"அங்க வாய்க்கு என்ன வேலை? கைக்குத்தான் வேலை."

அவள் சிரிக்கவில்லை. "நான் ஒருத்தி எத்தனை நாளைக்கு ரெண்டு வீட்டுக்கும் வாயா இருக்கறது? அவன் சொன்னத உங்ககிட்ட, நீங்க சொன்னத அவன்கிட்ட. எனக்குன்னு சொல்ல வந்தது என்னன்னே மறந்துபோகுது. இன்னிக்கு நீங்களா ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. இல்ல, நாளையிலேர்ந்து நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

சண்டைக்குக் காரணம் சின்னதுதான். சின்னதாக இருந்ததால்தான் யாராலும் அதைத் தீர்த்துவைக்க முடியவில்லை. மாமியாருக்கு அவர் கையாலேயே ஒரு பல் செட் செய்து கொடுத்திருந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் மாமியார் மென்று சாப்பிட முடியாமல் திணறினார். மைத்துனன் எல்லார் முன்னாலும், "ஊருக்கெல்லாம் சிரிப்பு மாட்டி விடுறாரு எங்க மாமா. எங்கம்மாவுக்குத்தான் மெல்ல முடியல" என்றான். பந்தியே சிரித்தது. பல்லு சார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மைத்துனனும் கூப்பிடவில்லை. முதலில் ரோஷம், பிறகு கூச்சம், அதன்பின் பழக்கம். அதுவரை இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் ஒன்றாக ஆடியவர்கள். அதற்கப்புறம் ஒருவர் வரும் நாளில் மற்றவர் வருவதில்லை. இதையும் அவர்கள் பேசி முடிவு செய்யவில்லை.

கூடம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே வார்னிஷ் வாசனை. உள்ளே திரைகளை இழுத்துவிட்டிருந்ததால் பகல் வெளியிலேயே நின்றுகொண்டது. மேஜைகளின் மேல் தாழத் தொங்கிய விளக்குகள் பச்சைத் துணியை மட்டும் நனைத்தன. மனிதர்கள் மார்புவரை வெளிச்சத்திலும் அதற்குமேல் இருட்டிலும் நின்றார்கள். வெளியே போகும் வண்டிகளின் சத்தம் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் வந்தது. எங்கோ ஒரு பந்து குழிக்குள் விழுந்து, அடியிலுள்ள பாதையில் உருண்டு, மற்ற பந்துகளோடு போய்ச் சேர்ந்தது.

கூடத்தை நடத்தும் அம்மாளை எல்லாரும் அக்கா என்பார்கள். அவள் நாற்காலியில் ஏறி நின்று விதிகளைச் சொன்னாள்.

"ஒருத்தருக்குக் கோடு போட்ட பந்து, இன்னொருத்தருக்குக் கோடு இல்லாத பந்து. உங்க பந்தெல்லாம் விழுந்தாத்தான் கருப்ப அடிக்கலாம். கருப்பக் குழியில போட்டவங்க ஜெயிச்சாங்க. கருப்ப அடிக்கறதுக்கு முன்னாடி எந்தப் பாக்கெட்டு, எந்தக் குழின்னு எதிராளியக் கூப்பிட்டு, வாயால சொல்லணும். அவர் 'சரி'ங்கணும். அப்புறம்தான் அடிக்கணும்."

"கையக் காட்டினா போதாதாக்கா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"போன வருஷம் கையத்தானே காட்டினீங்க? நான் அதக் காட்டல, இதக் காட்டினேன்னு ரெண்டு பேர் ஸ்டிக்க ஓங்கிட்டு நின்னீங்க. சொல்லலன்னா முறை போயிடும். ஊமையா இருந்தா மட்டும் விலக்கு."

முதல் சுற்றில் பல்லு சாருக்கு எதிராக ஒரு நர்ஸ். இரவு வேலை முடிந்து, வெள்ளைக் காலணியைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். அவருடைய தொழில் தெரிந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சார், என் வாயப் பாக்காதீங்க. பந்தப் பாருங்க."

"பாக்கலம்மா."

"பாத்தீங்க. இந்தப் பக்கம் ஒண்ணு சொத்தை. எனக்கே தெரியும்."

அவள் வேகமாக ஆடினாள், வேகமாகவே தோற்றாள். கைகொடுத்துவிட்டு, "தூக்கம் வரல சார். நீங்க ஆடுறதப் பாத்தா வரும்போல இருக்கு. இங்கயே உக்காந்துக்கறேன்" என்று சுவரோர பெஞ்சில் சாய்ந்தாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார். எப்படி என்று அவருக்கே புரியவில்லை. அரையிறுதிக்கு அக்கா கூப்பிட்டபோது மேஜையின் மறுபக்கத்து இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வந்தவன் மைத்துனன். மார்பு வரைக்கும்தான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. இடது தோளைச் சற்றே தூக்கி நிற்கும் அந்த நிற்பு மாறவேயில்லை.

கைகொடுத்துக்கொள்ளவில்லை. தலையசைப்பு மாதிரி ஏதோ ஒன்று நடந்தது.

அவருக்குக் கோடு போட்ட பந்து வந்தது. ஆட்டம் தொடங்கியதும் அவர் ஒன்றைக் கவனித்தார்: மைத்துனன் அடுத்து என்ன செய்வான் என்பது அவருக்கு முன்பே தெரிந்தது. மூச்சை எங்கே நிறுத்துவான், எந்தப் பந்தை ஆசையாகப் பார்த்துவிட்டு வேறொன்றை அடிப்பான், எல்லாம். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் நகரும் முன்பே வழிவிட்டு ஒதுங்கினான். பேசாமலிருந்த வருஷங்களில் இதைவிட நீளமாக அவர்கள் எதையும் சேர்ந்து செய்ததில்லை. பந்துகள் போய், தொட்டு, திரும்பி வந்தன. ஒரு பழைய பேச்சு வார்த்தைகளைக் கழற்றி வைத்துவிட்டு நடந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. இது முடியாமலே இருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

முடியாமல்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பந்து மீதி. அதைப் போட்டால் அடுத்தது கருப்பு. கருப்பென்றால் வாயைத் திறக்க வேண்டும். பல்லு சாருடைய பந்து மூலைக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சின்னப்பிள்ளைகூடப் போட்டுவிடும். அவர் ஸ்டிக் நுனியில் சாக்பீஸை நிதானமாகத் தேய்த்து, குனிந்து, அதைத் தொட்டும் தொடாமலும் அடித்து ஓரத்தில் ஒண்டவைத்தார். மைத்துனன் தன் பந்தை அதைவிட அழகாகத் தவறவிட்டான். மறுபடி அவர். மறுபடி அவன். இரண்டு பந்துகளும் குழிகளைச் சுற்றி உலாத்திக்கொண்டிருந்தன.

மற்ற மேஜைகளில் ஆட்டம் முடிந்து ஆட்கள் இங்கே கூடிவிட்டார்கள். "என்னா தடுப்பாட்டம்! பக்கா பாதுகாப்பு" என்று ஒருவர் வியந்தார்.

"தடுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் நர்ஸ், கண்ணைத் திறக்காமல். "ரெண்டு பேருக்கும் போட இஷ்டமில்ல. வார்டுல சில சொந்தக்காரங்க, சொல்ல வந்ததச் சொல்லாம, இப்படித்தான் கட்டிலச் சுத்திச் சுத்தி வருவாங்க."

அக்கா எழுந்து வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் குழிக்குக் காவல் காக்குறீங்களா? இறுதி ஆட்டத்துக்கு ஆள் காத்திருக்கு."

அந்தச் சத்தத்தில் மைத்துனனுடைய கை கொஞ்சம் அழுந்திவிட்டது. பந்து ஓரத்தில் மோதி, யாரும் கேட்காமலேயே நடுக்குழியில் போய் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. வெளிச்சத்தில் குனிந்திருந்த அவன் முகம் தோற்றவன் முகமாக இருந்தது.

இனி கருப்பு. அவன் ஸ்டிக்கால் மூலையைக் காட்டினான்.

"வாயால" என்றாள் அக்கா.

"அந்த மூலைன்னு அவர்கிட்ட சொல்லுங்கக்கா."

"நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரியா?"

அவன் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். பேசப்போகிறான் என்று தோன்றியது. பிறகு ஸ்டிக்கைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டான். முறை பல்லு சாருக்கு வந்தது.

இப்போது தப்பிக்க இடமில்லை. வெள்ளை, அவருடைய கடைசிப் பந்து, குழி, மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. இனிமேல் தவறவிட்டால் அது வெளிப்படையான பொய். அடித்தார்; விழுந்தது. கருப்பு நடுக்குழிக்கு எதிரே, கூப்பிட்டால் வந்துவிடும் என்பதுபோல் நின்றது.

அவர் குனியவில்லை. அவனைப்போல அவரும் ஸ்டிக்கை ஊன்றி நின்றுவிடலாம். ரோஷம் சமமாக இருக்கும். சமமாக இருந்து இத்தனை காலம் என்ன கிடைத்தது என்று யோசித்தார். முதலில் பேசுகிறவன் தோற்றவன் என்று ஏதோ ஒரு நாளில் முடிவு செய்திருந்தார். அந்த முடிவுக்கு ஆதாரம் என்ன என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருத்தி நாளையிலிருந்து வாயை மூடிக்கொள்ளப் போகிறாள். அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"மாப்ள" என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "நடு பாக்கெட்."

'சரி' வர வேண்டும். வரவில்லை. விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்துகொண்டிருந்தது.

"நடுன்னா ரெண்டு இருக்கே" என்றான் மைத்துனன் கடைசியாக. "எந்த நடு?"

"நீ நிக்கிற பக்கம்."

"நான் நகர்ந்துட்டா?"

"நகராதய்யா. அங்கயே நில்லு."

"நிக்கத்தான் செய்யறேன். எப்பலேர்ந்தோ நிக்கறேன்." அவன் மேஜையைப் பார்த்துச் சொன்னான். பிறகு நிமிர்ந்தான். "சரி மாமா. அடிங்க."

மாமா என்ற அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு அவர் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. குனிந்தார், அடித்தார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கருப்பு நேராகப் போய் நடுக்குழியில் விழுந்தது. அதன் பின்னாலேயே, வழிகாட்டப்பட்ட விருந்தாளிபோல, வெள்ளையும் போய் விழுந்தது.

கருப்போடு வெள்ளையும் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. அக்கா கையைத் தூக்கி மைத்துனனைக் காட்டினாள். கூட்டம் கலைந்து இறுதி ஆட்ட மேஜையை நோக்கி நகர்ந்தது. நர்ஸ் மட்டும் பெஞ்சில் உண்மையாகவே தூங்கிப்போயிருந்தாள்.

தோற்ற வருத்தம் வரும் என்று பல்லு சார் காத்திருந்தார். அதற்குள் மைத்துனன் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்துவிட்டான்.

"வெள்ளையக் கொஞ்சம் கீழ அடிச்சிருக்கணும் மாமா. அது அங்கயே நின்னிருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அடிக்கல?"

"கீழ அடிச்சா கருப்பு நேரா போகாது. அது கொஞ்சம் சாய்வா இருந்துச்சு."

"சாய்வா? எங்க சாய்வு? இங்கதானே இருந்துச்சு." அவன் வெறும் துணியில் ஒரு இடத்தில் விரலை வைத்தான்.

"அங்க இல்ல மாப்ள. இங்க." அவர் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார்.

"நான் எதிர்ல நின்னேன். எனக்குத் தெரியாதா?"

"நான் அடிச்சவன்."

காலியான பச்சைத் துணியின்மேல் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இதைச் சமாதானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தியில் விழுந்த வார்த்தையை அவன் எடுக்கவில்லை; இவரும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்காமலே போகலாம். ஆனால் நடுவில் யாரும் நிற்காமல் அவன் சொன்னது இவருக்கும், இவர் சொன்னது அவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

"இறுதி ஆட்டம்!" என்று அந்தக் கோடியிலிருந்து அக்கா கத்தினாள். "வர்றீங்களா, இல்ல இங்க காத்திருக்கறவருக்கே கோப்பையக் கொடுத்துடவா?"

மைத்துனன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா. இவர் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு."