நவம்பரில் நிற்கும் அப்பா

மாமாவின் பெட்டியைத் திறந்ததும் கிளம்பிய, வெளிநாட்டுச் சோப்பும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை, இன்றைக்கும் விமான நிலையக் கடைகளைக் கடக்கும்போது மூக்கில் ஏறினால் நடையை எட்டிப் போட்டுவிடுவேன். சோப்புக் கட்டிகளுக்கு நடுவே, துண்டில் சுற்றப்பட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியது எங்கள் வீட்டின் முதல் கேமரா.

பள்ளி ஆசிரியரான அப்பா அதை உள்ளூரிலேயே வாங்குவதாகத்தான் இருந்தார். தாம்பரம் ஸ்டேஷன் அருகே கடை வைத்திருந்த, நாங்கள் "ஸ்டூடியோ அண்ணா" என்று கூப்பிட்டவரிடம் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். அம்மாவின் தம்பியான மாமாதான் போனில் தடுத்தார்: "அங்க வாங்கி ஏமாறாதீங்க அத்தான். இங்க சீப்பு, நானே கொண்டாரேன்." அதைக் கேட்ட ஸ்டூடியோ அண்ணா சிரித்தார். "சீப்புதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா இங்க வாங்கினா, மக்கர் பண்ணிச்சுன்னா என் சட்டையப் புடிக்கலாம். சிங்கப்பூர்காரன் சட்டைய எங்க போய்ப் புடிப்பீங்கோ?"

மாமா வந்தது ஆகஸ்டில். இதய அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் அப்பாவிடம் சொல்லியிருந்த மாதம் அது. வாசல் கேட்டில் கைவைத்து நின்ற அப்பாவை மாமா படமெடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார். படச்சுருளைக் கழுவிக் கொடுத்தபோதுதான், ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தேதி எரிவதைப் பார்த்தோம். அது இனிமேல்தான் வரவிருந்த நவம்பர் மாதத்துத் தேதி. விற்ற கடைக்காரர் ஏனோதானோ என்று வைத்துவிட்ட நாள். கூடவே வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. ஸ்டூடியோ அண்ணா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் நம்மூருக்கு வந்ததே இல்ல சார், கைய வெச்சா மொத்தமும் பூடும்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அம்மாவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. "வராத நாளைப் போட்டு வச்சிருக்கு" என்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அப்பா அதை மறுபடி நிமிர்த்தி வைத்து, "நல்லாப் பாரு, நவம்பர்ல எப்படித் தெம்பா நிக்கிறேன். அந்த டாக்டருக்கு ஒரு காப்பி அனுப்பிடலாமா?" என்றார். சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களிடமும், பால்காரரிடமும் இதையே சொன்னார். வேடிக்கையாகத் தொடங்கியது மெல்ல ஒரு காரணமாக மாறியது. காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடிக்கட்டும், சபைக் கோயிலில் விளைச்சலைக் காணிக்கையாக்கும் அறுப்பின் பண்டிகை கழியட்டும் என்று அறுவைச் சிகிச்சை தள்ளிக்கொண்டே போனது. முதலில் வாதாடிய அம்மா, ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்த எண்களை வெறுத்தவள் அவற்றை நம்பத் தொடங்கியிருந்தாள்.

அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் அப்பா சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

பெரிதாக்கி மாட்டுவதற்கு நல்லதாக இருந்தது அந்த ஒரு படம்தான். "மூலைய வெட்டிட்டுப் போட்டுடவா அக்கா?" என்று ஸ்டூடியோ அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அம்மா, "இருக்கட்டும்" என்றாள்.

அந்த நவம்பர் நாளும் வந்தது. அன்று அம்மா எங்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சமைக்கவும் இல்லை. கேட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாராவது தெருவில் வந்தால் அவள் தலை நிமிரும். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து போய்க் கேட்டைப் பூட்டினாள்.

இப்போது அந்த கேட் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கின்றன. ஸ்டூடியோவில் கைப்பேசி உறை விற்கிறார்கள். எந்த நாட்டில் வாங்கிய கைப்பேசியும் இங்கே வந்து இறங்கியதும் தேதியைத் தானே சரிசெய்துகொள்கிறது. எந்தப் படமானாலும் பின்பக்கம் நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. சென்ற மாதம் பழைய படங்களைக் கணினியில் ஏற்றி, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த என் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, பின்னால அக்டோபர்னு எழுதின தாத்தாவோட அடக்க போட்டோவுக்கு அப்புறம் தாத்தா சிரிச்சிட்டு நிக்கிறாரு. தேதி தப்பு. மாத்திடவா?"

"இருக்கட்டும்" என்றேன்.