கோரனுக்குக் குரல் கொடுத்தவர்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நஞ்சப்பன் முப்பத்தோரு வருடம் ஏலம் கூறினார். மைக் வைத்துக்கொண்டதே இல்லை. மண்டிக்கு நடுவில் நின்று அவர் வாயைத் திறந்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கும் பெங்களூர் வியாபாரி கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஏற்றி, தெலுங்கில் முடிப்பார். அந்தக் குரல் இரண்டு தடவை போயிற்று. முதல் தடவை வியாதி கொண்டுபோனது. இரண்டாவது தடவை கொண்டுபோனவன் நான்.

என் பெயர் தௌபிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 'தகவல்கள் அழிந்தால் கடை பொறுப்பல்ல' என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கிறேன். அந்த போர்டை இப்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நஞ்சப்பனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் மாப்ள. மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பெட்டி தூக்க வந்தவர் அவர். ஒரு நாள் ஏலக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வியாபாரிகள் சும்மா நிற்பதைப் பார்த்துப் பொறுக்காமல், தலையில் இருந்த தக்காளிப் பெட்டியை இறக்காமலேயே இவர் விலை கூற ஆரம்பித்தாராம். அன்றைக்குத் தூக்கிய பெட்டிதான் அவர் தூக்கிய கடைசிப் பெட்டி. இதை அவரே என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் பெட்டியின் எடை கொஞ்சம் ஏறியிருக்கும்.

அவருக்கு ஒரே மகள், காவியா. அவள் காலேஜில் சேர்ந்தபோது நான்தான் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தேன். அதில் அவள் ஒரு பெரிய விளையாட்டை ஏற்றினாள். பனி மலையும் பாழடைந்த கோட்டையுமாக ஒரு நாடு. அதில் நாம் ஒரு வீரனாகப் போய் ஊர் ஊராகச் சுற்றலாம், மூலிகை பறிக்கலாம், வாங்கி விற்கலாம், சண்டை போடலாம். கோரன் என்று ஒரு தோழன் கூடவே வருவான். மதியம் மார்க்கெட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, மகள் விளையாடுவதைப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார் மாமா. "அந்தக் கடைக்காரன் ஏமாத்தறான் பாரு, அந்தத் தோலு அந்த வெலைக்குப் போவாது" என்பார். காவியா பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் மவுஸ் அவர் கைக்கு வந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், நிறத்தையும் படத்தையும் வைத்தே அந்த நாடு முழுவதையும் சுற்றி வந்துவிட்டார்.

விளையாட்டைச் செய்த கம்பெனி கொடுக்காததை ஆட்டக்காரர்களே செய்து இணையத்தில் போடுவார்கள். புது ஊர், புது உடை, புது ஆயுதம் என்று. அதற்கு மாட் என்று பெயர். நாலைந்து மாட் என்றால் சும்மா போட்டுவிடலாம். நாற்பது ஐம்பது ஆனால் ஒன்றோடு ஒன்று மோதி விளையாட்டே நின்றுவிடும். அதைக் கட்டி மேய்க்க மாட் மேனேஜர் என்று தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். காவியா பழைய மேனேஜர் ஒன்றைப் போட்டிருந்தாள்.

அப்புறம் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல் பெட்டியையே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காவியா மைக்கோடு ஊருக்கு வந்தாள். "ஏதாச்சும் பேசுங்கப்பா, பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்றாள். மாமா முறைத்தார். "சாவப்போறவன் மாதிரி நான் எதுவும் பேசமாட்டேன், போ" என்றார். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு, கோரன் பேசும் வசனங்களை எல்லாம் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். கோரனுக்குப் பேசுவதென்றால் அவருக்குச் சம்மதம். இருநூற்றுப் பன்னிரண்டு வசனம். அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து, அதிலேயே விளையாட்டின் ஃபோல்டருக்குள் தன் கையால் கொண்டுபோய் வைத்தாள். வேறு எங்கேயும் நகல் இல்லை. செல்போன் வீடியோக்களில் அவர் குரல் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே எங்கேயோ கிடக்கும். தனியாக, சுத்தமாக இருந்தது இங்கே மட்டும்தான்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் போட்ட துளையை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு, மாமா மறுபடியும் மவுஸைப் பிடித்தார். எதிரி வந்தால் கோரன், "யாரு போட்டிக்கு வர்றது? சட்டுனு வாங்க!" என்று கத்துவான். புதையல் கிடைத்தால் "சரக்கு நம்பர் ஒண்ணு!" என்பான். பதிவு செய்யும்போது நடுவில் அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொன்ன ஒன்றையும் காவியா வெட்டாமல் விட்டிருந்தாள். சும்மா நிற்கும்போது கோரன் அதைச் சொல்வான்: "ராஜாமணி, கொஞ்சம் தண்ணி கொண்டா." ராஜாமணி அத்தை உள்ளே இருந்து "வர்றேன் வர்றேன்" என்பார். சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பார். நானே பார்த்திருக்கிறேன். சில நாள் மாமா விளையாடவே மாட்டார்; கோரனை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். மாட் மேனேஜர் விஷயத்தில் நான் ஒரு வெறியன். பழைய மேனேஜர் எல்லா மாட்டையும் விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே குழம்பில் கொட்டுவது மாதிரி கொட்டிவிடும். எது எதிலிருந்து வந்தது என்று அப்புறம் பிரிக்க முடியாது. புதிய மேனேஜர் இலையில் பரிமாறுவது மாதிரி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைக்கும். விளையாட்டின் ஃபோல்டரைத் தொடவே தொடாது. இதைப் பற்றி இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பழையதை வைத்திருப்பவர்கள் எல்லாம் எனக்கு அறிவு குறைந்தவர்கள்.

போன மாசியில் மாமாவின் விளையாட்டு ஒரு கணவாய்க்குப் போனாலே நின்றுபோக ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுவந்தார். நான் விடவில்லை. பழைய மேனேஜர்தான் காரணம், மாற்றியே ஆக வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். குரல் போனதிலிருந்து அவருக்குப் பேச்செல்லாம் போனில்தான்; தமிழில் தட்டிக் காட்டினார்: "பழசே இருக்கட்டுமே. ஓடுன வரைக்கும் ஓடட்டும்." நான் சிரித்தேன். அவர் மறுபடி தட்டினார்: "எம்பேச்சு பத்திரம் மாப்ள."

"லிஸ்ட்டுல இருக்கறதெல்லாம் அப்படியே வந்துரும் மாமா. பாருங்க, கோரன்னு இருக்குது பாருங்க" என்று மேனேஜரின் பட்டியலைக் காட்டினேன். கோரன் என்று ஒரு வரி இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

புதிய மேனேஜருக்கு மாறுவதென்றால் விளையாட்டின் ஃபோல்டர் சுத்தமாக இருக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். பட்டியலில் இருந்த மாட்களை எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஃபோல்டரை மொத்தமாக அழித்தேன். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் நேராக அழியும்படி அழித்தேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை, நகல் இருக்கிறதா என்ற கேள்வியை, இவரிடம் நான் கேட்கவில்லை. புதிதாக விளையாட்டை ஏற்றினேன், மாட்களை அடுக்கினேன், ஓட்டிப் பார்த்தேன். கணவாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போது கோரன் வாயைத் திறந்து இங்கிலீஷில் பேசினான்.

பட்டியலில் கோரன் என்று இருந்தது அவனுடைய உடுப்பு. தோல் சட்டையும் கம்பளிப் போர்வையும். காவியா தன் கையால் வைத்த குரல் எந்தப் பட்டியலிலும் இல்லை. மேனேஜருக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேயாவது நான் மனிதனாக நடந்திருக்கலாம். அழிந்த கோப்பு உடனே டிஸ்கை விட்டுப் போய்விடுவதில்லை. அதன்மேல் வேறு ஏதாவது எழுதும்வரை அங்கேயேதான் இருக்கும். நான் விளையாட்டை மறுபடி ஏற்றியதில் கொஞ்சம் போயிருக்கும், சரி. ஆனால் பெரிய டிஸ்க், முக்கால்வாசி காலி. அப்படியே கழற்றி வைத்து, விஷயம் தெரிந்த ஆளிடம் கொடுத்திருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு முதலில் மாமாவிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு, மறுநாள் கம்ப்யூட்டரை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய், "டிஸ்க் போயிருச்சு மாமா" என்றேன். அந்தப் பொய் நிஜம்போலத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாடியே அதைக் கழற்றிக் கடையில் வைத்துவிட்டுப் புது டிஸ்க் போட்டிருந்தேன்.

மாமா திரையைப் பார்த்தார். பிறகு என் முதுகைத் தட்டினார். "நீ என்ன பண்ணுவ. மிசின்தானே" என்று தட்டிக் காட்டினார். அத்தைதான் கேட்டார்: "அப்ப இனிமே தண்ணி கேக்கமாட்டாராப்பா?" நான் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டாரா மாமா? மனசு கஷ்டப்படுவேன் என்று என்னைத் தேற்றுவதற்காகவே வாரம் ஒரு தடவை கடைக்கு வந்தார். பார்ப்பவர்களிடம் எல்லாம் என்னை நல்லவன் என்று எழுதிக் காட்டினார். தன் பழைய மண்டி முதலாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, மண்டிக்குக் கேமரா போடும் வேலையையும் எனக்கே வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் செருப்பால் அடி வாங்கிய மாதிரி இருக்கும். அந்த வேலைக்கு ஒரு டிஸ்க் குறைந்தது. மாமாவின் டிஸ்க் அலமாரியில் இருந்தது. தினமும் கடையைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படும். கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்று அதை எடுத்து, கேமரா எடுக்கும் படமெல்லாம் பதியும் பெட்டிக்குள் மாட்டிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு மதியம் மாமா வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. போனில் முன்கூட்டியே தட்டி வைத்திருந்ததைக் காட்டினார்: "காவியா சொன்னா. பெங்களூர்ல செத்துப்போன டிஸ்கக்கூடப் பிரிச்சு உள்ள இருக்கறத எடுக்கறாங்களாம். நம்ம பழைய டிஸ்கக் குடு மாப்ள. நாளைக்கு ரயில்ல போறேன்."

குப்பையில் போட்டுவிட்டேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவர் இன்னொரு வரியும் தட்டிவிட்டார்: "ராஜாமணி ஒரு தடவ கேட்டாப் போதும்."

"டிஸ்க் போகல மாமா" என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். தெரியாம அழிச்சேன், தெரிஞ்சே பொய் சொன்னேன்." எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், கோரனின் உடுப்பு, புது டிஸ்க் எல்லாம்.

அவர் முகம் ரத்தமாகச் சிவந்தது. எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைக்க வாயை முழுசாகத் திறந்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய சத்தம் அது. வெறும் காற்றுதான் வந்தது. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. மறுபடியும் திறந்தார், மறுபடியும் காற்று. அவர் என்னைத் திட்டியிருந்தால், என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருந்தால், நான் அவர் காலில் விழுந்து அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் நின்றேன்.

பிறகு உட்கார்ந்து, போனை எடுத்துத் தட்டினார்: "நல்லாருந்தா சரி. அதுலயே தேடலாமே. எங்க டிஸ்கு?"

கூட்டிக்கொண்டு போனேன். ஏலம் முடிந்து மார்க்கெட் காலியாகக் கிடந்தது. மண்டி ஆபீஸில் கேமராப் பெட்டியைத் திறந்து காட்டினேன். டிஸ்க் மேல் என் கையெழுத்திலேயே 'நஞ்சப்பன்' என்று எழுதியிருந்தது. எந்த டிஸ்க் யாருடையது என்று எழுதி வைப்பது என் வழக்கம். அவர் அந்தப் பெயரை விரலால் தொட்டார். அதில் என்ன இருக்கிறது காட்டு என்று சைகை செய்தார்.

"பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா பழசு மேலயே எழுதிக்கும் மாமா. நாலு மாசத்துல பத்துத் தடவ எழுதியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, அதில் இருந்ததிலேயே பழைய நாளை ஓடவிட்டேன். காலை ஏழு மணி. பெட்டி பெட்டியாகத் தக்காளி. வியாபாரிகள் கூட்டம். மாமா எப்போதும் நிற்கும் அதே இடத்தில் இப்போதைய ஏலக்காரன் நின்று கையை வீசி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மாமா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மானிட்டரின் ஓரத்தைத் தடவினார். பின்பக்கம் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, கையைக் காதருகே வைத்து, விரல்களைத் திருகிக் காட்டினார். கூட்டி வைக்கச் சொல்கிறார்.

"இதுல சத்தம் பதியாது மாமா" என்றேன்.